'கத்துக்குட்டி' என்று யாரை அழைக்கிறீர்கள்?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து தமிழில் ஓர் இணைய விவாத மேடை தொடங்குகிறோம். குழுக்களுக்கு 'சோலை', 'முற்றம்', 'ஊற்று', 'தாழ்வாரம்' என்று பெயர் யோசித்திருக்கிறோம். உறுப்பினர்களுக்கு அவர்கள் போடும் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 'கத்துக்குட்டி', 'மாணவர்', 'அறிஞர்', 'ஆசான்' என்று பட்டங்கள் தானாகவே வரும். எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்றும் விதி வைக்கிறோம், அப்போதுதான் வசைகள் இருக்காது. சரிதானே?
– ஒரு வாசகர்

பதில்: சரியில்லை. நீங்கள் சொன்ன மூன்றையும் மாற்ற வேண்டும் என்பேன். பட்டங்களில் தொடங்குகிறேன், கெடுதல் அதில்தான் அதிகம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஓர் இணையக் குழுவில் இதே ஏற்பாடு இருந்தது. ஒரு பெண் கேட்டிருந்தார்: "அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். தலைவலி தாங்க முடியவில்லை என்கிறார். ஆஸ்பிரின் கொடுக்கலாமா?" ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது: "ஒன்று கொடுத்தால் ஒன்றும் ஆகாது." எழுதியவர் பெயருக்குக் கீழே தங்க நிறத்தில் 'அறிஞர்' என்று இருந்தது. ஆயிரக்கணக்கான பதிவுகள் போட்டவர், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சினிமாப் பேச்சு. அதற்குக் கீழே இன்னொருவர், "கொடுக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், மருத்துவரைக் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார். அது அவருடைய மூன்றாவது பதிவு. அவர் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் 'புதுமுகம்'. அந்தப் பெண் நன்றி சொன்னது அறிஞருக்கு. நல்லவேளையாக வேறு சிலரும் வந்து சொன்ன பிறகு மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்தப் புதுமுகம் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதன் பிறகு அவர் அங்கே எழுதவே இல்லை.

உங்கள் பட்டியலில் 'புதுமுகம்' கூட இல்லை, 'கத்துக்குட்டி' இருக்கிறது. நேற்று வந்து சேர்ந்தவர் முப்பது வருடம் விவசாயம் பார்த்தவராக இருக்கலாம், ஓய்வுபெற்ற தமிழாசிரியராக இருக்கலாம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று நெற்றியில் ஒட்டி அனுப்புகிறீர்கள். எண்ணிக்கை எண்ணிக்கையாகவே இருக்கட்டுமே. '2019 முதல் உறுப்பினர், 412 பதிவுகள்' என்று காட்டினால் போதும். அது உண்மை, அதை என்னவாக எடுத்துக்கொள்வது என்பதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். ஸ்லாஷ்டாட் என்ற பழைய தளத்தில் பெயரில்லாமல் எழுதுபவர்களுக்கெல்லாம் 'அனானிமஸ் கவர்ட்', அதாவது முகமில்லாக் கோழை, என்ற பெயர் தானாக விழும். அந்தப் பெயரைத் தாங்கி வரும் ஒரு நல்ல கருத்தை எத்தனை பேர் பொறுமையாகப் படித்திருப்பார்கள்?

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பட்டம் வேண்டும்: அதிகாரம் இருக்கும் இடத்தில். பதிவை நீக்கக்கூடியவர், ஆளை வெளியேற்றக்கூடியவர் யார் என்பது பெயரைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். 'நிர்வாகி', 'மட்டுறுத்துநர்' என்ற சொற்கள் வறட்சியாக இருக்கின்றன என்று 'தோழர்', 'காவலர்' என்று மாற்றிவிடாதீர்கள். ஒருவருக்குக் குறை இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தேட வைக்கக் கூடாது.

இனி குழுப் பெயர்கள். சோலை, முற்றம், ஊற்று எல்லாமே அழகான சொற்கள்தான். ஆனால் தக்காளி இலை சுருண்டு போவதைப் பற்றிக் கேட்க வந்தவர் எந்தக் கதவைத் தட்டுவார்? சோலையா, ஊற்றா? உங்கள் ஐந்து பேருக்கு அது தெரியும், ஏனென்றால் பெயர் வைத்தபோது கூட இருந்தீர்கள். குழுவின் பெயர் வைத்தவருக்காக இருப்பதில்லை, ஆறு மாதம் கழித்து வழி தெரியாமல் வருகிறவருக்காக இருக்கிறது. 'பயிர் நோய்கள்' என்று வையுங்கள். ஆசைக்கு ஒன்று வேண்டுமென்றால் அரட்டைக்கான இடத்தை 'முற்றம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது பொருந்தும்.

இந்தச் சிக்கலை இணையத்துக்கு வந்தவர்கள் ஆரம்பத்திலேயே சந்தித்துவிட்டார்கள். 1980-இல் புழக்கத்துக்கு வந்த யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பில் குழுக்கள் பெருகப் பெருக, எது எங்கே இருக்கிறது என்பதே குழப்பமாகிவிட்டது. 1987-இல் உட்கார்ந்து மொத்தமாகப் பெயர் மாற்றினார்கள். கணினிக்கு 'காம்ப்', அறிவியலுக்கு 'சயின்ஸ்' என்பதன் முதல் மூன்றெழுத்து, பொழுதுபோக்குக்கு 'ரெக்', சமூகத்துக்கு 'சாக்' என்பதுபோல் ஏழு தலைப்புகள். முடிவில்லாமல் சண்டை நடக்கும் விஷயங்களுக்கென்றே 'டாக்', அதாவது பேச்சு, என்று ஒன்றை ஒதுக்கினார்கள். அந்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே போகிறவருக்கு வாசலிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. பிற்பாடு தமிழ் பற்றிப் பேச அங்கே 'சாக்.கல்ச்சர்.தமிழ்' என்றொரு குழு இருந்தது. மூன்று சொல்லில் முழு முகவரி.

பெயரை முதலில் பிடிப்பவருக்கே அது என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரெட்டிட் என்ற விவாதத் தளத்தைப் பாருங்கள். அங்கே 'ட்ரீஸ்', அதாவது மரங்கள், என்ற குழுவுக்குள் மரம் தேடிப் போனால் கஞ்சாப் பேச்சுதான் இருக்கும். மர ஆர்வலர்கள் வேறு வழியில்லாமல் 'மரிவானா என்தூசியஸ்ட்ஸ்', அதாவது கஞ்சா ஆர்வலர்கள், என்ற பெயரை எடுத்துக்கொண்டு அதில் ஆலமரமும் வேப்பமரமும் பேசுகிறார்கள். அங்கே ஒரு குழுவின் பெயரைத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. நீங்கள் மாற்றும் வசதி வைத்துக்கொள்ளுங்கள், பழைய பெயரைத் தேடி வந்தால் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும்படியும் செய்யுங்கள்.

அப்புறம், 'குழு' என்ற சொல்லை மாற்ற வேண்டாம். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் தன் குழுக்களை 'சர்வர்' என்கிறது, அந்தச் சொல் வழக்கமாகத் தளங்களை இயக்கும் கணினியைக் குறிப்பது. ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கணினி இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதே நிறுவனம் மென்பொருள் எழுதுபவர்களுக்கான ஆவணங்களில் அதையே 'கில்ட்' என்கிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர், இரண்டுமே விளக்கம் கேட்பவை. 'குழு' என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

சொந்தப் பெயர் கட்டாயம் என்ற விதிதான் நீங்கள் பெரிதும் நம்புவது. தென்கொரியா இதைச் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. 2007 முதல் பெரிய தளங்களில் எழுத வேண்டுமானால் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். 2011-இல் ஒரே ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 2011-இல் வந்த கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் அதே பிடிவாதத்தில் பலருடைய கணக்குகளை முடக்கியது, 2014-இல் அந்த விதியையே கைவிட்டது.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 'முதல் பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள் வைப்பார்கள். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, எல்லோரும் நம்மை அப்பா பெயரில் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டம் வையுங்கள்.

வசையைக் குறைப்பது பெயர் நிலையாக இருப்பதுதான். ஒருவர் பத்து வருடம் ஒரே புனைபெயரில் எழுதினால், அந்தப் பெயருக்கு மானம் மரியாதை எல்லாம் வந்துவிடும், அதை இழக்க அவரே அஞ்சுவார். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரில் 'சுஜாதா' என்று எழுதினார், அந்தப் பெயரைப் பார்த்துப் பத்திரிகை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். தன் வீட்டில் நடக்கும் அடிதடியைப் பற்றிக் கேட்க ஒரு பெண் வருவார். சொந்தப் பெயர் கட்டாயம் என்றால் அவர் வர மாட்டார். வசைபாடுபவர் சொந்தப் பெயரிலேயே வருவார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தமிழ்த் தளங்கள் கவனிப்பதே இல்லை. 'ஔவை' என்று ஒருவர் பதிவு செய்திருக்கிறார். இன்னொருவர் 'ஒ', 'ள', 'வை' என்று தனித்தனியாகத் தட்டி 'ஒளவை' என்று வருகிறார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு, கண்ணுக்கு ஒன்றேதான். தமிழ் எண் ௧ பார்ப்பதற்கு 'க', ௭ பார்ப்பதற்கு 'எ'. '௧பிலன்' என்று ஒருவர் வந்து, கபிலன் பெயரில் கடன் கேட்டால் யார் கண்டுபிடிப்பார்கள்? இப்படி ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளுக்கு யூனிகோடு அமைப்பு தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. உங்கள் நிரலாளரிடம் அதைக் கொடுங்கள், பதிவு செய்யும்போதே ஒப்பிட்டுத் தடுக்கச் சொல்லுங்கள். உறுப்பினர் பெயர்களில் தமிழ் எண்களை அனுமதிக்காமல் விடுவது இன்னும் எளிது.

விலகிப்போனவர்கள், இறந்துபோனவர்கள் பெயரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். 2013-இல் யாஹூ புழங்காத முகவரிகளை மறுபடி விநியோகித்தபோது, பழைய ஆளுக்கு வந்த கடிதங்கள் புதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. விவாத மேடையில் இது இன்னும் மோசம். பத்து வருடப் பேச்சு முழுவதும் ஒரே நாளில் வேறு ஒருவருடையதாகிவிடும்.

மேடையைத் திறக்க இன்னும் நாளிருக்கிறது என்றால், இன்றைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்தக் 'கத்துக்குட்டி'யை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'உறுப்பினர்' என்று எழுதுங்கள். எல்லோருக்கும் அதே சொல்தான், உங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்து.