செய்யும் வேலையை உள்ளபடி எழுதுங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

ஊத்தங்கரையிலிருந்து மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, அங்கே ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் முதியோர் இல்லத்தில் வாரம் இரண்டு நாள் ஊதியமில்லாமல் உதவி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் பற்றிய கணக்கெடுப்புப் படிவம் ஒன்று வந்திருப்பதாகவும், அதில் ‘பேச்சுத்துணை, வாரம் நான்கு மணி நேரம்’ என்று மட்டும் நிரப்பித் தரும்படி மேலாளர் சொல்வதாகவும், ஆனால் ஆள் வராத நாட்களில் காலை முதல் இரவு வரை நின்று சோறு ஊட்டுவதும், குளிப்பாட்ட உதவுவதும், படுக்கை மாற்றுவதும் உங்கள் தலையில்தான் விழுவதாகவும் சொல்கிறீர்கள். உண்மையை எழுதினால் விசாவுக்கு ஆபத்து வருமா என்பது உங்கள் முதல் கேள்வி. வாடகை, குளிர்கால உடை, கேழ்வரகு மாவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை உங்கள் அறைத் தோழிகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் படிவங்களோடுதான் என் பிழைப்பின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

படிவத்தில் எழுதுவதால் உங்களுக்கு ஆபத்து வராது. எழுத அஞ்சும்படியான வேலையைச் செய்வதால்தான் வரும். பட்டப்படிப்போ அதற்கு மேற்பட்ட படிப்போ படிக்கும் மாணவர், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதை அறிவீர்கள். அந்த வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்க்க இடமில்லை. பலருக்குத் தெரியாத செய்தி, ஊதியம் வாங்காத உழைப்பும் இந்த 20 மணிக்குள் வரக்கூடும் என்பதுதான். ஒப்பந்தக் கட்டாயம் எதுவுமின்றி, பேருந்துச் செலவு போன்ற கைச்செலவை மட்டும் பெற்றுக்கொண்டு, சம்பளம் வாங்கும் ஒருவரின் இடத்தை நிரப்பாமல் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவினால் அது கணக்கில் சேராது. குறித்த நேரத்துக்கு வந்தே ஆக வேண்டும், குறித்த வேலையைச் செய்தே ஆக வேண்டும் என்ற பொறுப்போடு சம்பளப் பணியாளர் செய்ய வேண்டியதைச் செய்தால், கையில் ஒரு பென்னி வராவிட்டாலும் அது வேலை என்றே கொள்ளப்படும். நீங்கள் கடையில் ஏற்கெனவே 18 மணி நேரம் நிற்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால், ஆள் வராத ஒரு நாளைக்கு ரோட்டா எனப்படும் பணிநேரப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதி நிறுத்தியதே வரம்பைத் தாண்டிவிடப் போதுமானது.

கிருஷ்ணகிரியில் உங்களை அனுப்பிவைத்த முகவர், ஆறு மாதம் சேவை செய்து சான்றிதழ் வாங்கினால் அதே இல்லம் வேலை விசாவுக்கு ஸ்பான்சர் செய்துவிடும் என்று சொல்லி அனுப்பியதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை அடியோடு மறந்துவிடுங்கள். முதியோர் பராமரிப்புப் பணியாளர்களுக்கான விசாக் கதவு 2022 பிப்ரவரியில் திறந்தது. 2024 மார்ச் 11 முதல் அந்த விசாவில் வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாமல் போனது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டது. உள்ளேயே இருப்பவர்களுக்கு மிஞ்சியிருக்கும் இடைக்கால விதிகளில், தன்னார்வச் சான்றிதழைக் காட்டி ஸ்பான்சர் பெறும் வழி எதுவும் இல்லை. நிலத்தை அடமானம் வைத்து அந்தக் கதவு வழியாக வந்து, சொன்ன வேலையும் கிடைக்காமல், ஊரில் எல்லோரிடமும் ‘மருத்துவத் துறையில் மேலாளர்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களை அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு விளம்பரம் எழுதும் முகவர்கள் மீதும், பராமரிப்பு வேலை என்றால் முகம் சுளிக்கும் நம் மென்பொருள்காரர்கள் மீதும்தான் கோபம்.

இனி, படிவத்தை ஏன் உள்ளபடி நிரப்ப வேண்டும் என்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான பராமரிப்புத் துறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பதை ‘ஸ்கில்ஸ் ஃபார் கேர்’ என்ற அமைப்பு நிறுவனங்களிடமிருந்து திரட்டி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2021–22இல் அந்தக் காலியிடங்கள் சுமார் 1,65,000 என்று அந்தக் கணக்கு காட்டியது; பராமரிப்பு விசா பரவலானதற்குப் பின்னால் அந்த ஆள் பற்றாக்குறை இருந்தது. சம்பளப் பணியாளர்களைப் பற்றிய கணக்கு இவ்வளவு ஒழுங்காக இருக்க, தன்னார்வலர்களைப் பற்றிய கணக்கு இன்னும் ஊகமாகவே இருக்கிறது. உடல்நலம், சமூகப் பராமரிப்பு ஆகிய இரு துறைகளிலும் சுமார் 30 லட்சம் பேர் ஊதியமின்றி உதவுகிறார்கள் என்று ‘கிங்ஸ் ஃபண்ட்’ நிறுவனம் 2013இல் மதிப்பிட்டது. அதே காலத்தில், மாதம் ஒருமுறையாவது ஏதேனும் ஓர் அமைப்பின் வழியாக உதவுவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 27 பேர். 2021–22இல் எடுத்த கணக்கில் அது 16ஆகச் சுருங்கிவிட்டது. உதவ வருபவர்கள் குறைந்துகொண்டே போக, காலியிடங்களின் சுமை மிஞ்சியிருக்கும் சிலர் மீது இறங்குகிறது. உங்கள் மேலாளர் சொல்வதுபோல் ‘பேச்சுத்துணை, நான்கு மணி’ என்று எழுதினால், அந்த இல்லத்தில் ஒரு பணியாளர் குறைவு என்ற செய்தி உங்கள் பெயருக்குப் பின்னால் மறைந்துபோகும். அடுத்த ஆண்டும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டார்கள், வேறொரு மாணவியைத்தான் நிறுத்துவார்கள்.

முதியவர்களின் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற உடல் சார்ந்த பராமரிப்பைச் செய்பவருக்கு உயர்நிலைக் குற்றப்பின்னணிச் சோதனையும் முறையான பயிற்சியும் வேண்டும். அந்தச் சோதனைக்குத் தன்னார்வலரிடம் அரசுக் கட்டணம் வாங்குவதில்லை. ஆகவே செலவு என்று சாக்குச் சொல்லவும் முடியாது. ஜிம்மி சாவில் என்ற தொலைக்காட்சிப் பிரபலம் பல ஆண்டுகள் தன்னார்வலர் என்ற பெயரில் மருத்துவமனைகளில் நுழைந்து நோயாளிகளைச் சீரழித்தது அவர் இறந்த பிறகே முழுமையாக வெளிவந்தது. அதையொட்டி 2015இல் கேட் லாம்பார்டு அளித்த அறிக்கைக்குப் பிறகு, யார் உள்ளே வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், யார் மேற்பார்வை என்ற கேள்விகள் கடுமையாயின. புதிதாக வருபவர்கள் இந்தச் சோதனைகளைத் தங்கள் நிறத்துக்காகச் செய்யும் அவமதிப்பு என்று எண்ணிப் புண்படுகிறார்கள். அது எல்லோருக்கும் பொதுவானது. சோதனை கேட்காத இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

நான் போன புதிதில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். மொழி கொஞ்சம் வசப்பட்டதும், வட்டாரத்துத் தொண்டு அமைப்புகளை ஒருங்கிணைக்கும் ஓர் அலுவலகத்தில் தொலைபேசியில் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. பென்னாகரத்து உச்சரிப்பைக் கேட்டதுமே பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொல்லப் பழகி, வானிலையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிவிட்டுக் கேள்விக்கு வரும் அந்த ஊர் நாகரிகத்தையும் கற்றுக்கொண்ட பிறகு, அலுவலகத்திலேயே அதிகப் படிவங்களை முடித்துத் தருபவன் நானாகிவிட்டேன். ஒருமுறை பதில் வராத ஒரு தேவாலயக் கூடத்துக்கு நேரிலேயே போனேன். அங்கே வாரந்தோறும் முதியவர்களுக்கு மதிய உணவு போடுகிறார்கள். எத்தனை தன்னார்வலர்கள் என்று கேட்டதற்கு, மேலங்கியில் கையைத் துடைத்தபடி ஓர் அம்மையார், அப்படி யாரும் இல்லை, நாங்கள் மட்டும்தான் என்றார். அவருக்குப் பின்னால் நீராவிக்கு நடுவே பெண்கள் வரிசையாக நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். படிவத்தில் அதுவரை அந்தக் கூடத்துக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. அன்றிலிருந்து நான் எத்தனை தன்னார்வலர்கள் என்று கேட்பதில்லை. கடந்த வாரம் யார் யார் வந்தார்கள், எப்போது வந்து எப்போது போனார்கள், என்ன செய்தார்கள் என்றே கேட்பேன்.

கணக்கில் பிழை புகும் வழிகள் வேறும் உண்டு. மூன்று இடங்களில் உதவும் ஒருவரை மூன்று பேராக எண்ணிவிடுவார்கள். அறங்காவலர்களும் ஊதியம் வாங்காதவர்கள்தான் என்பதை மறந்துவிடுவார்கள். வீட்டில் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளைச் சிலர் இதில் சேர்ப்பார்கள். அவர்கள் தனிக் கணக்கு, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப்பட்டவர்கள் சுமார் 50 லட்சம் பேர். சம்பளப் பணியாளரின் நேரத்தை எழுதுவதிலும் சிக்கல் இருக்கிறது: இரவில் இல்லத்திலேயே படுத்துறங்கி, அழைத்தால் மட்டும் எழும் பணியில், விழித்து வேலை செய்த நேரத்துக்கு மட்டுமே குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உங்களை இரவு தங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அது தன்னார்வலர் செய்ய வேண்டிய வேலையே அல்ல.

நம்மவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் குறைந்த பெரும்பாலான தொண்டு அமைப்புகள், அவற்றை மேற்பார்வையிடும் அரசு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. கணக்கெடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பதிவேட்டிலிருந்தே முகவரி எடுப்பதால், பதிவில்லாத சிறு குழு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும், வீடு வீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் குழுவும் அப்படித்தான் விடுபடுகின்றன. தேடிப்பிடித்துப் படிவம் கொடுத்தாலும், அரசாங்கம் எதற்குக் கேட்கிறது என்று நம் ஊர்க்காரர்கள் மூலையில் போட்டுவிடுவார்கள். பிறகு நம் முதியவர்களுக்கு மாநகராட்சி ஒன்றும் செய்வதில்லை என்று பொங்கலன்று மேடையேறிக் குறைப்படுவார்கள். ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் இதில் நம்மைவிட எவ்வளவோ மேல். கையில் ஒன்றுமில்லாமல் வந்து, படிவங்களைக் கற்று, நிதி பெற்று, முதியோர் சங்கங்களை நிறுவினார்கள். இதைச் சொன்னால் எங்கள் மாவட்டத்துச் சங்கத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும்.

இதை அம்மாவின் வீட்டிலிருந்து, பென்னாகரத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நேற்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் வந்திருந்தார். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். மாத்திரை அட்டையைத் திருப்பி, எத்தனை மீதி என்று எண்ணினார். மீதி அதிகமாக இருந்ததால், எந்த நாளெல்லாம் விட்டீர்கள் பாட்டி என்று கண்டித்தார். பிறகு எல்லாவற்றையும் கைபேசியில் பதிந்துகொண்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. அவர் மாதந்தோறும் ஊக்கத்தொகை பெறுகிறார், வேலையும் வரையறுக்கப்பட்டது. இங்கிலாந்துப் படிவத்தில் அவரைப் பணியாளர் பக்கத்தில்தான் எழுதுவேன். ஆனால் அவருடைய பதிவு நேர்த்தியை அங்கே பல இடங்களில் நான் கண்டதில்லை. அரூரைத் தாண்டிச் சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் மருத்துவப் பணி தொடங்கியபோது, அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னர் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து அந்த எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்தார்கள். எண்ணிப் பார்த்ததால்தான் குறைந்தது தெரிகிறது. இப்படிப்பட்ட மாவட்டங்களிலிருந்து போன நீங்கள் படிவத்தைப் பார்த்து அஞ்சலாமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் பக்கத்தில், யார் கணக்கெடுக்கிறார்கள், எதற்கு, தகவலை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்க வேண்டும்; தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது கட்டாயம். அதைப் படித்துவிட்டு, ஏதேனும் ஒரு வாரத்தை எடுத்து, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை உங்கள் கையாலேயே நிரப்புங்கள். மேலாளர் வழியாகக் கொடுக்காமல் உறையில் உள்ள முகவரிக்கு நேரே அனுப்புங்கள். ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே, இன்றைக்கே, உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரைப் பார்த்து, கடை நேரத்தையும் இல்லத்து நேரத்தையும் காட்டி, எது எந்தக் கணக்கில் வரும் என்று கேளுங்கள். இனி பேச்சுத்துணை, தேநீர், செய்தித்தாள் வாசிப்பது ஆகியவற்றை மட்டுமே செய்வேன் என்று மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், வாய்ச்சொல் போதாது. அதற்கு அவர் முகம் சுளித்தால், இல்லத்தை மாற்றுங்கள். உதவிக்கு ஆள் தேடும் தொண்டு நிறுவனங்களுக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை.

கேழ்வரகு மாவு இலங்கைக் கடைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து சுமந்து வர வேண்டாம். கோட்டு மட்டும் அங்கேயே வாங்குங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் படிப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.