வேற்றுமுகம் இல்லாத குழந்தை

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்கு 22 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறோம். இந்த வருடம் பி.காம். முடித்தேன். படிக்கும்போதே ஓர் ஆடிட்டரிடம் ஆறு மாதம் டாலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்திருக்கிறேன். எம்.பி.ஏ. சேர்வதற்கு முன்னால் ஒரு வருடம் இடைவெளி எடுத்து வெளிநாட்டில் தொண்டு செய்ய ஆசை. கம்போடியாவில், சியம் ரீப் என்ற ஊரில் உள்ள ஓர் அனாதை இல்லத்தில் ஆறு வாரம் ஆங்கிலம் சொல்லித் தர ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்கிறது. தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து 1,85,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. பாஸ்போர்ட் நகல், போட்டோ, முன்பணம் அனுப்பினால் போதும். போன வருடம் அங்கே போய் வந்த தோழி, "உள்ளே போன பத்தாவது நிமிஷம் குழந்தைகள் ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்ளும், கிளம்பும்போது நீயும் அழுவாய், அவர்களும் அழுவார்கள்" என்றாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று அம்மா என் பக்கம். அப்பாதான், "தாராவியில் இல்லாத ஏழையா? முதலில் வேலையைத் தேடு" என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்: என் பேத்தி வயது உனக்கு. அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் உதவ மாட்டேன். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. நாடும் தொகையும் மாறும், கேள்வி மாறாது. எல்லோரும் வீட்டில் யாரோ ஒருவரை மசிய வைக்க வழி கேட்கிறார்கள். உன் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அப்பாவைப் பற்றிய வரியை அல்ல. உன் தோழி சொன்ன வரியை. பத்தாவது நிமிஷம் குழந்தைகள் மடியில் ஏறிக்கொள்ளும் என்றாளே, அதை.

அதை ஒரு நல்ல சேதியாக எழுதியிருக்கிறாய். நாளைக் காலை ஹார்பர் லைன் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறும்போது ஒன்று செய்து பார். ஒன்றரை வயதுக் குழந்தையோடு யாராவது உட்கார்ந்திருந்தால், "வா" என்று கையை நீட்டு. பெரும்பாலும் அது முகத்தைத் தாயின் கழுத்தில் புதைத்துக்கொள்ளும். மெல்லத் திரும்பி ஒரு கண்ணால் உன்னைப் பார்க்கும். மறுபடி புதைத்துக்கொள்ளும். வாஷி வரும்வரைகூட இதே விளையாட்டு நடக்கும், ஆனால் உன்னிடம் வராது. நம் வீடுகளில் இதை "பிள்ளைக்கு வேற்றுமுகம் வந்துவிட்டது" என்று சொல்வோம். ஏழெட்டு மாதத்தில் வரும். தூக்க வந்த பெரியப்பா வருத்தப்படுவார், பாட்டி சந்தோஷப்படுவாள். பிள்ளைக்குத் தன் மனிதர்கள் யார் என்று தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரியும்.

சொந்த முகம் என்று ஒன்று இருந்தால்தானே மற்றது வேற்றுமுகம் ஆகும்? பேர்கூடத் தெரியாத ஒரு பெண் உள்ளே நுழைந்து பத்து நிமிஷத்தில் நாலு வயதுப் பிள்ளை அவள் மடியில் ஏறுகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு எல்லா முகமும் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். இல்லங்களில் வளரும் குழந்தைகளிடம் மருத்துவர்கள் கவலையோடு கவனிக்கிற ஒரு குறி இது. உன் தோழி இதைப் பாசம் என்று நினைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1984-ல் நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். கல்லூரித் தோழிகள் இருவரோடு ஞாயிறுதோறும் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போவேன். பாட்டு, கதை, கொஞ்சம் கணக்கு. ஐந்து வயதுப் பையன் ஒருவன், நான் போனதும் ஓடி வந்து புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு மடியில் உட்கார்ந்துவிடுவான். நான் கிளம்பும்வரை இறங்க மாட்டான். இவனுக்கு என்னை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வேன். அப்புறம் பரீட்சை வந்தது, ஊரில் அக்கா கல்யாணம் வந்தது. நாலு மாதம் போகவில்லை. திருநெல்வேலியிலிருந்து திரும்பியதும் அல்வாப் பொட்டலத்தோடு போனேன். அவன் அதே வேகத்தில் ஓடி வந்து மடியில் ஏறினான். கழுத்தைக் கட்டிக்கொண்டு, அங்கே வருகிற வேறொரு தீதியின், அதாவது அக்காவின், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நான் திருத்தினேன். சரி என்று தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே பெயர். அங்கே வேலை செய்த அம்மாள், "விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிற எல்லோரும் அவனுக்கு ஒன்றுதான்" என்றாள். நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பையன் மடியில் கனத்த கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நான் கைவிட்டுப் போக வேண்டிய எந்தப் பிள்ளையையும் மடியில் வாங்கியதில்லை.

இப்போது உன் சியம் ரீப்புக்கு வருவோம். அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க உலகமே வருகிற ஊர் அது. கம்போடியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பலி வாங்கிய போல் பாட் ஆட்சி 1979-ல் முடிந்தது. அந்தக் கொடுமையில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் 2005-க்குள் வளர்ந்து தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள். ஆனால் 2005-க்கும் 2010-க்கும் நடுவில், அமைதிக் காலத்தில், அந்த நாட்டில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. பி.காம். படித்தவள் நீ. போர் இல்லாத ஐந்து வருடத்தில் அனாதை இல்லங்கள் ஏன் இப்படிப் பெருகின? சுற்றுலாப் பயணிகள் பெருகிய காலம் அது. இன்னொரு கணக்கையும் பார். கம்போடிய அரசும் யுனிசெஃபும் பார்த்தபோது, அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். 2011-ல் "குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்ல" என்று அங்கே பிரசாரமே நடத்த வேண்டி வந்தது.

கிராமத்துத் தாய்க்குப் பிள்ளையைப் படிக்க வைக்கக் காசில்லை. நகரத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள், மூன்று வேளை சோறு என்று ஒருவர் வந்து சொல்கிறார். பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று அவள் அனுப்புகிறாள். அங்கே அவனுக்கு அனாதை என்று பெயர் வைக்கிறார்கள். மாலையில் பயணிகள் முன்னால் நடனம் ஆட வைத்து நன்கொடை கேட்கிற இடங்களும் இருந்தன. இல்லங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவருவது நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-ல் தன் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது ஏற்றுக்கொண்டது. நீ போகப்போகிற இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் 1,85,000 ரூபாய் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று யோசி. பிள்ளைகள் இல்லத்தில் இருந்தால்தான் அந்தப் பணம் வரும். அவர்கள் அம்மாவிடம் திரும்பிப் போய்விட்டால் அது நின்றுவிடும்.

இதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது. ஏழ்மை ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கப் போதுமான காரணம் ஆகாது. ஓலைக் குடிசையில் கஞ்சி குடித்தாலும், அடித்து அணைக்கிற ஒரு பாட்டியோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் பிள்ளை அங்கேதான் இருக்க வேண்டும். கொடுக்க நினைப்பவர்கள் அந்தக் குடிசைக்குக் கொடுக்கட்டும். இது வெறும் கிழவியின் பிடிவாதம் இல்லை. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவிலும் ஒட்டுதலிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டிலும் 2015-ன் சிறார் நீதிச் சட்டம், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது.

உன்னிடம் கேட்டது பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் முன்பணமும் மட்டும்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது உனக்கு உறுத்தவில்லையா? உன் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி மான்கூர்டில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. எங்கிருந்தோ வந்த 22 வயதுப் பெண் அதன் கேட்டில் நின்று, "எனக்கு மராத்தி தெரியாது, ஆறு வாரம் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகிறேன், இதோ பணம்" என்று சொன்னால் விட வேண்டுமா? விடக்கூடாது என்றுதான் நீயும் சொல்வாய். பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் காவல்துறை நற்சான்று கிடைக்கும். அதைக்கூடக் கேட்காமல் உன்னைப் பிள்ளைகளோடு தங்க வைக்கிறவர்கள், உனக்கு முன்னால் வந்த எந்த ஆணிடமும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

உன் அம்மா சொன்ன பழமொழியிலும் ஒரு வார்த்தையை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை. ஊட்டி "வளர்த்தால்" என்றுதான் இருக்கிறது. வளர்ப்பது என்றால் ஜுரத்தில் பக்கத்தில் இருப்பது, பள்ளியில் அடி வாங்கி வந்த அன்று வீட்டில் இருப்பது, பத்தாம் வகுப்பு முடியும்வரை இருப்பது. ஆறு வாரத்தில் ஆங்கில எழுத்துகள் முடியும். அடுத்து வருகிற பெண் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பிப்பாள். "கிளம்பும்போது அவர்களும் அழுவார்கள்" என்றாளே உன் தோழி. அவள் விமானத்தில் அழுது முடித்திருப்பாள். பிள்ளைகளுக்கு அடுத்த திங்கட்கிழமை அடுத்த ஆள். வருடத்துக்கு எத்தனை முறை ஒரு பிள்ளை இப்படி அழ வேண்டும்?

உன் அப்பா சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. தாராவி என்று கையைக் காட்டுவது எளிது. அவர் எத்தனை முறை அங்கே போயிருக்கிறார் என்று கேள். பக்கத்தில் ஏழை இருப்பதைச் சொல்லித் தூரத்து ஏழையை மறுக்கிறவர்கள் பல நேரம் இரண்டு பேருக்கும் எதுவும் செய்வதில்லை. நீ வெளிநாடு போகக் கூடாது என்பது என் கட்சி இல்லை. 22 வயதில் மொழி தெரியாத ஊரில் ஒரு வருடம் இருப்பது நல்லது, ஒரு பெண்ணுக்கு இன்னும் நல்லது. எம்.பி.ஏ. விண்ணப்பத்துக்கு உதவும் என்று மனதில் ஓரமாக இருந்தால் அதுவும் தப்பில்லை.

ஆனால் உனக்குத் தெரிந்த வேலையைச் செய்யப் போ. உனக்கு டாலி தெரியும். பிள்ளைகளைத் திரும்பக் குடும்பங்களோடு சேர்க்கிற அமைப்புகளுக்கு, வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் ஒழுங்காகக் கணக்கு எழுத ஆள் வேண்டும். பிள்ளையைத் தொடாமலே அந்தப் பிள்ளைக்கு உதவ முடிகிற இடம் அது. 1970-ல் ஐ.நா. பொதுச் சபை தொடங்கிய ஐ.நா. தொண்டர் திட்டம் இருக்கிறது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 வயதிலிருந்தே இளைஞர் பிரிவில் விண்ணப்பிக்கலாம். உன்னிடம் காசு கேட்க மாட்டார்கள், செலவுக்கு அவர்கள் கொடுப்பார்கள். கிடைப்பது கடினம், அதனால்தான் அதற்கு மதிப்பு. வீட்டில் இருந்தபடியே கணினி வழியாகத் தொண்டு செய்கிற பிரிவும் அதில் உண்டு, அங்கிருந்து தொடங்கு. இந்தியாவுக்குள் என்றால் எஸ்.பி.ஐ. நடத்தும் 13 மாத கிராமத் திட்டம் இருக்கிறது. 13 மாதம் என்பதைக் கவனி. உதவித்தொகையும் தருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் டீச் ஃபார் இந்தியா என்ற அமைப்பு இரண்டு வருடம் கேட்கிறது, உன்னால் கொடுக்க முடியுமா? மும்பை மாநகராட்சிக்குத் தமிழ் வழிப் பள்ளிகளே உண்டு. மாலையில் அந்தப் பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

முன்பணம் இன்னும் அனுப்பவில்லை என்று நம்புகிறேன். அனுப்புவதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. இல்லத்தில் உள்ள எத்தனை பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள்? கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? நான் கட்டுகிற தொகையில் எவ்வளவு அந்தத் தாய்மார்களுக்குப் போகிறது? இல்லம் எந்த அரசுத் துறையில் பதிவானது, எண் என்ன? நான்கு கேள்வி போதும். பதில் வந்தால் முதலில் அப்பாவுக்குக் காட்டு, அப்புறம் எனக்கு அனுப்பு. பதிலுக்குப் பதில் பிள்ளைகள் சிரிக்கிற போட்டோக்கள் மட்டும் வந்தால், அவற்றையும் அனுப்பு.