ஆசிரியர் பணிக்கான நேர்காணல்: சில கேள்விகளும் பதில்களும்

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, நேர்காணலுக்குத் தயாராகும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாதிரி வகுப்புக்குப் பத்து நிமிடம்தான் தருவார்களாம். ஒரு பாடத்தை அதற்குள் எப்படி நடத்தி முடிப்பது?

முடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதில் மாணவர் எங்கே இடறுவார் என்பதை முன்கூட்டியே யோசித்துச் செல்லுங்கள். குழுவினர் பார்க்க விரும்புவது அந்த இடத்தைத்தான்.

ஒருமுறை பின்னங்களின் கூட்டலை நடத்த வந்தவர் கரும்பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினார். மாணவர் வேடத்தில் இருந்த நான் வேண்டுமென்றே 2/5 என்றேன். இந்த இடத்தில் பலர் "தவறு, மீச்சிறு பொது மடங்கு காண வேண்டும்" என்று சொல்லிவிட்டு விதிக்குத் தாவிவிடுவார்கள். அவரோ, "ஐந்தில் இரண்டு பங்கு, அரையைவிடப் பெரிதா, சிறிதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சிறிது என்றேன். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது எப்படிக் குறைந்தது?" என்றார். பிறகு ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு செவ்வகத்தை வரைந்து, பாதிக்கு மூன்று கட்டங்களையும் மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு கட்டங்களையும் நிழலிட்டபோது, 5/6 என்ற விடையை அவர் சொல்லாமலே நான் சொல்லிவிட்டேன். மணி அடித்தபோது அவர் திட்டமிட்டதில் பாதிகூட முடியவில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதில் குழுவில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

அவர் காத்திருந்தாரே, அதையும் கவனியுங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடி அளவே பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவரின் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். நேர்காணல் பதற்றத்தில் மூன்று விநாடி ஒரு யுகமாகத் தோன்றும். வீட்டில் எவரையாவது உட்காரவைத்து, மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

கேள்வி: கல்வி உளவியல் கோட்பாடுகளை எவ்வளவு படிக்க வேண்டும்? புளூம், வைகாட்ஸ்கி போன்ற உளவியலாளர்களைப் பற்றியெல்லாம் கேட்பார்களா?

கேட்கக்கூடும். ஆனால் ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்காது. 1956இல் புளூம் குழுவினர் கற்றல் இலக்குகளுக்கு வகுத்த ஆறு படிநிலைகளை வரிசையாகச் சொல்வதைவிட, நீங்கள் நடத்தப்போகும் பாடத்திலிருந்தே நினைவுகூர ஒரு கேள்வி, பயன்படுத்த ஒரு கேள்வி, மதிப்பிட ஒரு கேள்வி என மூன்றைச் சொல்லிக்காட்டுங்கள். வைகாட்ஸ்கியும் அப்படித்தான்: தனியாகச் செய்ய இயலாததை ஒரு துணையோடு மாணவர் செய்துமுடிக்கும் எல்லை எது என்பதை உங்கள் பாடத்தில் சுட்டினால் போதும்.

கேள்வி: "வகுப்பில் ஒரு மாணவன் தொடர்ந்து இடையூறு செய்தால் என்ன செய்வீர்கள்?" என்பதற்கு எது சரியான விடை?

"அன்பாகப் பேசித் திருத்துவேன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. செயலைச் சொல்லுங்கள். பாடத்தை நிறுத்தாமல் அவன் அருகே போய் நிற்பது, எளிய பணி ஒன்றை அவனிடம் ஒப்படைப்பது, வகுப்பு முடிந்தபின் தனியாகப் பேசுவது, நடந்ததைத் தேதியோடு குறித்துவைப்பது என ஒரு வரிசை இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் நீங்களே சந்தித்த நிகழ்வு இருந்தால், அதில் பலிக்காமல் போனதையும் மறைக்காமல் கூறுங்கள்.

இதையொட்டி இன்னொரு கேள்வி வரலாம்: ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்லி, எவரிடமும் கூற வேண்டாம் என்று கேட்டால்? ரகசியம் காப்பதாக வாக்களிக்கக் கூடாது. பொறுமையாகக் கேட்டு, குழந்தை சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். இதில் தடுமாறுபவரைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன்.

கேள்வி: பாடத்திலேயே விடை தெரியாத கேள்வி வந்தால்?

தெரியவில்லை என்று சொல்லுங்கள். சுற்றிவளைத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அடிப்படைகளில் இந்தச் சலுகை இல்லை. எதிர்ம எண்ணை எதிர்ம எண்ணால் பெருக்கினால் ஏன் நேர்ம எண் வருகிறது என்று கேட்டபோது, கணிதத்தில் முதுகலை முடித்த ஒருவர் "அது விதி" என்றார். −2ஐ 3, 2, 1, 0 என்று வரிசையாகப் பெருக்கினால் −6, −4, −2, 0 என இரண்டிரண்டாக ஏறுவதையும், அடுத்து −1ஆல் பெருக்கும்போது 2 வந்தால்தான் அந்த ஒழுங்கு நீடிக்கும் என்பதையும் அவர் காட்டியிருக்கலாம்.

கேள்வி: சில ஆண்டுகள் வேலையில் இல்லை. எப்படி விளக்குவது?

காரணத்தை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிட்டு, பாடத்தோடு உங்களுக்குள்ள தொடர்பைப் புதுப்பிக்க அண்மையில் என்ன செய்தீர்கள் என்பதற்கு வாருங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம்.

கேள்வி: "எங்களிடம் கேட்க ஏதேனும் உண்டா?" என்பார்களே, அதற்கு?

உண்டு என்று சொல்லுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை பாடவேளைகள், முதல் ஆண்டில் வழிகாட்ட மூத்த ஆசிரியர் எவரேனும் இருப்பாரா என்பவை நல்ல கேள்விகள். சம்பளத்தை அவர்களே எடுக்காவிட்டால் கடைசியில் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.