உறக்கம் தொலைத்த உளவாளி

கேள்வி (மாட்டுங்கா வாசகர்): இருட்டிலும் மழையிலும் எடுத்துவிட்டால் ஒரு படம் ‘நியோ நுவார்’ ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. ‘நுவார்’ என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் 1946இல் சூட்டிய பெயர் அது. அந்த மனநிலையைப் பிற்காலத்தில் கையாண்டவையே நியோ நுவார். நல்லவர் வெல்வார் என்ற உறுதியை அவை தருவதில்லை.

கேள்வி (தாராவி வாசகி): ரவுடிக் கும்பலுக்குள் ரகசியமாக நுழையும் போலீஸ் அதிகாரியின் கதை நம்மிடம் பலமுறை வந்துவிட்டது. ஆனாலும் மனத்தில் நிற்பவை சிலவே. ஏன்?

பதில்: நம்மவர்கள் பெரும்பாலும் அவர் போலீஸ் என்பதை மறைத்துவைத்து, படம் முடியும் நேரத்தில் சீருடையில் நிறுத்திக் கைதட்டல் வாங்கிவிடுகிறார்கள். அதுவரை அவர் கையால் நடந்த கொலைகளெல்லாம் அந்த ஒரு கணத்தில் கடமையாக மாறிவிடுவதால், அவருக்கு உறக்கம் வந்ததா என்று கேட்கவே நமக்கு இடமில்லை.

ஹாங்காங்கில் 2002இல் வந்த ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. மூன்றாண்டு என்று சொல்லி அனுப்பப்பட்டவர், பத்தாண்டை நெருங்கியும் மீள முடியாமல், மனநல மருத்துவரின் சாய்விருக்கையில்தான் அசந்து தூங்குகிறார். அவராக நடித்த டோனி லியுங்கின் அந்தக் களைத்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்த உளவாளி யார் என்று அறிந்த ஒரே மேலதிகாரி மாடியிலிருந்து வீசப்பட்டு, கீழே நின்ற டாக்சியின் மேல் அவர் கண்ணெதிரே வந்து விழுகிறார். இனி அவரைப் போலீஸ் என்று சொல்ல ஒருவருமில்லை.

தமிழில் 1995இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘குருதிப்புனல்’ இந்த வலியைத் தொட்டது. கோவிந்த் நிஹலானியின் ‘த்ரோக்கால்’ என்ற இந்திப் படத்தின் தழுவலான அதில் பாடல்களே இல்லை. உளவாளிகளை அனுப்பிவைத்த அதிகாரியே, குடும்பத்துக்கு வந்த மிரட்டலில் உடைந்து எதிரிக்குத் தகவல் சொல்பவராகிறார். அவரை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நாம் திணறுகிறோம்.

கேள்வி (அதே வாசகி): நம் மும்பையில் இப்படியொரு தமிழ்ப் படம் எடுக்கலாமா?

பதில்: அவசியம் எடுக்க வேண்டும். இங்கே வேடத்துக்கு மீசையோ தாடியோ தேவையில்லை, மொழியே போதும். போலீஸ் ஸ்டேஷனில் மராத்தி, கும்பலோடு பம்பாய் இந்தி, தாராவியின் 90 அடிச் சாலையில் இட்லி விற்கும் அம்மாவிடம் தமிழ் என்று வாழும் ஒரு கான்ஸ்டபிளை எண்ணிப் பாருங்கள். கும்பலோடு ஒரே அறையில் படுத்திருக்கும் இரவில் அவர் எந்த மொழியில் உளறுவார்? அந்தக் காட்சியிலிருந்து கதையைத் தொடங்கலாம்.