மன்றத்தின் இணையதளமும் பிள்ளைகளின் விவரங்களும்: கேள்வி பதில்

இளைஞர் மன்றங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பதிவுப் படிவங்களில் வாங்கும் விவரங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கைப்பந்து முகாமுக்கு இணையத்தில் பதிவு செய்கிறோம் அண்ணா. பிறந்த தேதி, பள்ளி, தந்தையின் தொழில், சாதி, ஆதார் நகல் எல்லாம் கேட்கிறோம். சரிதானா? (மன்றச் செயலாளர், தேனி)

சரியில்லை தம்பி. பந்து ஆட வரும் பையனின் சாதி உங்களுக்கு எதற்கு? அப்பா என்ன வேலை பார்த்தால் என்ன? பெயர், பிறந்த ஆண்டு, பெற்றோரின் கைபேசி எண், ஆஸ்துமா போன்ற உடல்நலக் குறிப்பு ஆகியவை போதும். அந்தக் கடைசிக் குறிப்பையும் பயிற்சியாளர் மட்டும் பார்க்கட்டும். வயதுச் சான்று தேவைப்பட்டால் மைதானத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆதார் சட்டத்தில், தனியார் அமைப்புகள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைப் பயன்படுத்த இடம் கொடுத்திருந்த பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. சேர்த்து வைத்த ஆதார் நகல்கள் திருடுபோனால், அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பதினைந்து வயதுப் பிள்ளை தானே 'சம்மதம்' என்று டிக் செய்தால் போதுமா?

போதாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர் உண்மையிலேயே வயதுவந்த பெற்றோர்தானா என்று சரிபார்த்திருக்கவும் வேண்டும். இணையத்தில் பிள்ளைகள் செய்வதைப் பின்தொடர்வதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதுவரை காத்திருக்காதீர்கள். எந்த விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லும் அறிவிப்பைத் தமிழிலும் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதை நான் மனமார வரவேற்கிறேன். படித்துப் புரியாத தாளில் வாங்கும் கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்பது?

ரத்தக் கொடையாளர் பட்டியலைப் பெயர், ஊர், கைபேசி எண்ணுடன் தளத்தில் போட்டிருக்கிறோம். உயிர் காக்கும் வேலை ஐயா, இதிலும் குறை சொல்வீர்களா? (தன்னார்வலர், தஞ்சாவூர்)

உங்கள் நோக்கத்தைக் கை கூப்பி வணங்குகிறேன். ஆனால் அந்தப் பட்டியலை இன்றே எடுத்துவிடுங்கள். ரத்தம் கொடுக்க முன்வந்த ஒரு பெண்ணின் எண்ணை ஊர் பேர் தெரியாதவர்கள் எடுத்து நள்ளிரவில் அழைத்தால், அவர் அடுத்த முறை முகாம் பக்கமே வரமாட்டார். அவசரத்துக்கும் அந்தப் பட்டியல் உதவாது. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். யார் எப்போது கொடுத்தார் என்பதே அதில் இல்லாதபோது, பதறி நிற்கும் குடும்பம் பத்துப் பேரை அழைத்து ஏமாறும்.

தளத்தில் ஒருங்கிணைப்பாளரின் எண்ணை மட்டும் போடுங்கள். கடைசியாகக் கொடுத்த தேதியுடன் பட்டியல் அவரிடம் இருக்கட்டும். தேவை வந்தால் கொடையாளரை அவரே அழைத்துக் கேட்டு, சம்மதித்த பிறகு எண்ணைக் கொடுக்கட்டும். பட்டியலை நீக்கிய பிறகும் கூகுள் தேடலில் பழைய பக்கம் சில நாள் தெரியும். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் வசதி கூகுளிலேயே உண்டு.

எங்களுக்குத் தளமே இல்லை, கூகுள் படிவம்தான். அதில் ஆபத்து உண்டா?

உண்டு. படிவத்தின் அமைப்புகள் (Settings) பகுதியில், முடிவுகளின் சுருக்கத்தைப் பதிலளிப்பவர்களுக்குக் காட்டலாமா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால், படிவத்தை நிரப்பிய ஒருவர் மற்ற பிள்ளைகளின் பெயரையும் எண்ணையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். அதை அணைத்து வையுங்கள். பதில்கள் சேரும் விரிதாள் 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கும்படி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நிர்வாகக் குழு மாறும்போது பழையவர்களின் அனுமதியை நீக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வெறுமனே தளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் விவரமும் பதிவாகுமா?

ஆகும். இணையத்தில் அவர்களின் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி, தளத்தை இயக்கும் கணினியான சர்வரின் பதிவேட்டில் விழும். பக்கத்தில் யூடியூப் காணொளியோ வருகைக் கணக்கீட்டுக் கருவியோ இருந்தால், பார்ப்பவரின் உலாவியில் சேமிக்கப்படும் சிறு கோப்பான குக்கியும் வரலாம். தேவையில்லாத கருவிகளை எடுத்துவிடுங்கள்.

என் மகள் மன்றத்தை விட்டு விலகிவிட்டாள். பள்ளிச் சீருடையில் அவள் படம், பெயருடன் இன்னும் தளத்தில் இருக்கிறது. கேட்டால் 'பார்க்கலாம்' என்கிறார்கள். (ஒரு தாய், மதுரை)

கேட்பது உங்கள் உரிமை அம்மா. தயங்காதீர்கள். சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், படத்தையும் பதிவு விவரங்களையும் நீக்கும்படியும் தேதியிட்டு எழுத்தில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். படம் இருக்கும் பக்கத்தின் முகவரியையும் அதில் எழுதுங்கள். சட்டத்தின் பிரிவுகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், மன்றம் செவிசாய்க்காவிட்டால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம். ஆனால் முதலில் மன்றத்திடம் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதம் அப்போது உதவும். பெரும்பாலும் அது வரை போகாது. தளத்தைப் பராமரிப்பவர் யார் என்று கேட்டு, கடிதத்தின் ஒரு பிரதியை நேராக அவருக்கே அனுப்புங்கள். படத்தை நீக்க அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.