ஜெர்மன் பேரரசுக் காலத் தொழிலதிபர்களில் தொழிலாளர் பக்கம் நின்றவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் எர்ன்ஸ்ட் ஆபே. 1840இல் ஐசெனாக்கில் பிறந்தார். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. தினமும் 14 முதல் 16 மணி நேரம் நின்றபடியே வேலை. மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போன சிறுவன் ஆபே, அப்பா இயந்திரத்தில் சாய்ந்தபடி அவசரமாகச் சாப்பிடுவதைப் பார்த்தான். அந்தக் காட்சி அவரை விட்டுப் போகவே இல்லை.

யேனா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த ஆபேயை, 1866இல் கார்ல் சைஸ் தன் நுண்ணோக்கிப் பட்டறைக்கு அழைத்தார். அதுவரை நுண்ணோக்கி லென்ஸ்களைக் கை அனுபவத்தால் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பொருத்தினார்கள். ஆபே அதைக் கணிதக் கணக்கீட்டுக்குள் கொண்டுவந்தார். அப்புறம் பங்குதாரரானார், பணமும் சேர்ந்தது.

சைஸ் 1888இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஆபே ஓர் அறக்கட்டளை தொடங்கி, 1891இல் தன் பங்குகளை அதற்கே எழுதி வைத்தார். இதுதான் அவரை மற்ற முதலாளிகளிடமிருந்து பிரிக்கிறது என்பேன். 1896இல் வந்த அதன் சட்டவிதிகளில் ஊதியத்துடன் விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் தொழிலாளியின் உரிமையாகவே எழுதப்பட்டன.

1900இல் எட்டு மணி நேர வேலை நாள். உற்பத்தி குறைந்ததா? இல்லை, ஆபே அதையும் அளந்து காட்டினார். 1905இல் யேனாவிலேயே காலமானார்.