வாசகர் கேள்வி பதில்: ஊர் கூடிக் கட்டிய பள்ளிகள்

கேள்வி: கென்யாவில் ஊர் மக்களே பணம் திரட்டிப் பள்ளிகளையும் மருந்தகங்களையும் கட்டிக்கொண்டார்கள் என்றும், அதற்கு ‘ஹராம்பே’ என்று பெயர் என்றும் படித்தேன். அரசின் கடமையை மக்கள் தலையில் சுமத்திய ஏற்பாடுதானே அது?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: ஓரளவுக்கு ஆம்; ஆனால் அந்த மக்கள் ஏமாளிகள் அல்லர். ‘ஹராம்பே’ என்றால் சுவாஹிலி மொழியில் ‘எல்லோரும் சேர்ந்து இழுப்போம்’ என்று பொருள். ரயில் பாதை போடப் போன இந்தியத் தொழிலாளர்கள் அம்பாளின் பெயரைக் கூவிப் பாரம் இழுத்ததிலிருந்து அச்சொல் பிறந்தது என்று ஒரு கதை அங்கே உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்கு நான் பிணை நிற்க மாட்டேன். 1963 ஜூன் 1 அன்று உள்நாட்டுத் தன்னாட்சி கிடைத்தபோது பிரதமரான ஜோமோ கென்யாட்டா அதை நாட்டின் முழக்கமாக்கினார்.

பழக்கம் அந்த முழக்கத்துக்கு மூத்தது. 1929இல் பெண்களுக்கான விருத்தசேதனச் சடங்கை எதிர்த்த கிறித்தவ மிஷன்களோடு பிணங்கிய கிகுயு இன மக்கள், மிஷன் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து தாங்களே பள்ளிகளை எழுப்பினார்கள்; 1939இல் கிதுங்குரியில் ஓர் ஆசிரியர் கல்லூரியையும் தொடங்கினார்கள். 1952இல் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அவசரநிலையை அறிவித்த ஆங்கிலேய அரசு அவற்றில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது.

விடுதலைக்குப் பின் நடந்த நிதி திரட்டும் கூட்டங்களுக்கு ஒருவர் பணத்தோடு வருவார், இன்னொருவர் ஆட்டை ஓட்டி வருவார், ஒன்றும் இல்லாதவர் கல் சுமப்பார். நம் ஊர்த் திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவதைப் போல, அங்கே ஒரே கோழியைத் திரும்பத் திரும்ப ஏலம் விட்டுப் பணம் சேர்ப்பார்கள். இதில் ஒரு சாமர்த்தியமும் இருந்தது: கட்டடம் எழுந்து நின்றுவிட்டால், ஆசிரியரையோ செவிலியரையோ அனுப்ப மாட்டேன் என்று அரசால் எளிதில் சொல்ல முடியாது. ஆகவே அரசின் கடமையை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைவிட, அரசைத் தங்கள் ஊருக்கு இழுத்துவர முன்பணம் கட்டினார்கள் என்பதே பொருத்தம். நியேரியிலுள்ள இன்றைய டெடான் கிமாதி பல்கலைக்கழகத்தின் வேர்கூட 1970களில் இவ்வாறு மக்கள் திரட்டிய நிதியால் உருவான தொழில்நுட்ப நிறுவனம்தான்.

சிக்கல் சுவர் எழுந்த பிறகே தொடங்கியது. ஒரு நாள் வசூலில் கூரை போடலாம். மாதந்தோறும் சம்பளமும் மருந்தும் அதில் வராது. அரசு எட்டிப் பார்க்காத ஹராம்பே பள்ளிகள் பயிற்சி பெறாத ஆசிரியர்களைக் கொண்டு, அரசுப் பள்ளியைவிடக் கூடுதல் கட்டணத்தில் நடந்தன. காப்பியும் தேயிலையும் விளைந்த மத்திய மாகாணத்தில் பள்ளிகள் பெருகின. மேய்ச்சல் நிலமான வடகிழக்கிலோ திரட்டுவதற்கே பணம் இல்லை. போதாக்குறைக்கு அரசியல்வாதிகள் மேடையேறி நன்கொடைத் தொகையை ஒலிபெருக்கியில் அறிவித்து வாக்கு சேர்த்தார்கள். சில இடங்களில் உள்ளூர் அதிகாரிகள் அதைக் கட்டாய வசூலாகவே மாற்றினார்கள். பொது ஊழியர்கள் தம் பதவியைப் பயன்படுத்தி இப்படி நிதி திரட்டுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது.

கேள்வி: மருத்துவச் செலவுக்கும் இந்த வழக்கம் உதவுகிறதா?
(கோவை வாசகர்)

பதில்: உதவுகிறது, இன்று மருத்துவச் செலவுக்கான வசூல்கள் நிறையவே நடக்கின்றன. 1989 டிசம்பரில் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் புகுத்தப்பட்டபின், நோய் என்றாலே ஊரில் ஒரு வசூல் என்றானது. 2007இல் எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச்சேவை வந்ததும் கூட்டம் கூட்ட வேண்டிய தேவையும் குறைந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு எண்ணைப் போட்டால், நைரோபியில் வேலை பார்க்கும் உறவினர் அங்கிருந்தே அனுப்பிவிடுகிறார்.

ஆனால் பள்ளி ஊருக்குப் பொது. மருத்துவமனைக் கட்டணமோ ஒருவருடையது. நான்கு பேருக்குத் தெரிந்தவருக்கு, பிறர் வீட்டு வசூலில் முன்பு கை நீட்டிக் கொடுத்தவருக்கு, பணம் விரைவாகச் சேரும். உறவை இழந்து நகரத்துக் குடிசையில் தனித்திருக்கும் முதியவருக்குச் சேராது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்ற நாட்பட்ட நோய்களில் முதல் வசூலுக்கு வந்த கைகள் மூன்றாவது வசூலுக்கு வருவதில்லை. கட்டணம் செலுத்தாதவர்களைக் குணமான பின்னும் வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்த மருத்துவமனைகள் மீது அந்நாட்டில் வழக்குகள் தொடரப்பட்டதும், அவ்வாறு நிறுத்திவைப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததும், வசூல் எட்டாத அந்த நோயாளிகளால்தான்.